கட்டுத்தறிக்கு தண்ணி லைன் போட்டது: 62 மீட்டர், நடுவுல ஒரு பாறை

இன்னையோட பதினோரு நாளாச்சு, எங்கம்மா கட்டுத்தறிக்கு, அதாவது மாடு கட்டற கொட்டகைக்கு, ஒரு பக்கெட் தண்ணி கூட தூக்கலை. தொட்டி தானா நெறையுது, மாடு குடிக்க குடிக்க மறுபடி நெறையுது. இதுக்கு நடுவுல மூணு எடத்துல தப்பு பண்ணி தோண்டுனதையே திரும்ப தோண்டி, ஒரு நாள் ராத்திரி தூக்கமே இல்லாம கிடந்தேன். இதே மாதிரி தோட்டத்துல டேங்க் தண்ணிய மோட்டார் இல்லாம கொட்டகைக்கு கொண்டு போகணும்னு நினைக்கிறவங்களுக்கு உதவும்னு நடந்ததை நடந்த வரிசையிலயே எழுதறேன்.

எங்க தோட்டம் தாராபுரத்துக்கு பக்கம். மேல ஒண்ணரை அடி செம்மண்ணு, அதுக்கு கீழ சுக்காங்கல்லு, அங்கங்க பாறை. வீடு ஓட்டு வீடுங்கறதால மேல டேங்க் வெக்க முடியாது, வீட்டுக்கு பின்னால 8 அடி ஒசரத்துக்கு செங்கல் மேடை கட்டி 1000 லிட்டர் டேங்க் வெச்சிருக்கோம். கட்டுத்தறி அங்கிருந்து வடக்கால நேரா 62 மீட்டர். ரெண்டு கிராஸ் மாடு, ஒரு காங்கேயம் பசு, ஒரு கன்னுக்குட்டி, அஞ்சு வெள்ளாடு. கறவையில இருக்கற கிராஸ் மாடு வெயில் காலத்துல ஒண்ணே 70, 80 லிட்டர் குடிக்கும், எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு 250 லிட்டர் கிட்ட வேணும். 15 லிட்டர் பக்கெட்ல கணக்கு போட்டா பதினேழு பக்கெட், கைக்கு ஒண்ணா ரெண்டு ரெண்டா தூக்குனாலும் போக வர ஒரு கிலோமீட்டருக்கு மேல நடை. அம்மாவுக்கு முட்டி வலி வந்து ரெண்டு வருஷமாச்சு, நான் வேலைக்கு போயிட்டா இதை அவங்கதான் செய்யணும், அதை பாத்துட்டு சும்மா இருக்க முடியலை.

முதல்ல சுலபமா இருக்கட்டும்னு அரை இன்ச் பச்சை ஓஸ் ரெண்டு ரோல் வாங்கி ஒண்ணோட ஒண்ணு சேத்து தரையிலயே போட்டு விட்டேன். தண்ணி வந்துச்சு, ஆனா ஒரு பக்கெட் நெறைய நாலரை நிமிஷம். அதை விட பெரிய பிரச்சனை சூடு, சித்திரை வெயில்ல மத்தியானம் தெறந்தா முதல் பத்து நிமிஷம் வர்ற தண்ணியில கை வெக்க முடியாது, மாடு மோந்து பாத்துட்டு தலைய திருப்பிக்கும். ரெண்டு மாசத்துல ஓஸ் வெயில்ல வெறைச்சுப் போய் மடங்குன எடத்துல எல்லாம் விரிசல் விட்டுருச்சு. அப்பதான் மண்ணுக்குள்ள நிரந்தரமா பைப் போட்டுரலாம்னு முடிவு பண்ணேன்.

பைப் வாங்கறதுக்கு முன்னாடி மட்டம் பாத்தேன். எங்க மாமா கொத்தனார், அவருகிட்ட இருந்து 10 மீட்டர் மட்ட டியூப் (ரெண்டு முனையிலயும் தண்ணி ஒரே மட்டத்துல நிக்கறதை வெச்சு ஒசரம் பாக்கற ஓஸ்) வாங்கிட்டு வந்து தண்ணி ரொப்பி, நான் ஒரு முனை தம்பி ஒரு முனைன்னு புடிச்சுகிட்டு கொஞ்சம் கொஞ்சமா நகந்து போனோம். டியூபுக்குள்ள ஒரு சின்ன காத்துக் குமிழி இருந்தாலும் அளவு தப்பாயிரும், அதனால ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்துல தூக்கி புடிச்சு பாத்துக்கணும். வீட்டு வாசல் தரைய பூஜ்யம்னு வெச்சா கட்டுத்தறி தரை 3 அடி மேல இருக்கு, தொட்டியில தண்ணி விழற எடம் 5.5 அடி. டேங்க் நெறைஞ்சா தண்ணி மட்டம் 11.5 அடி. அப்ப எனக்கு கெடைக்கிற எறக்கம் 6 அடிதான். 10 மீட்டர் ஒசரத்துக்கு 1 கிலோ பிரஷர்னு வெச்சா இது கால் கிலோ கூட இல்லை. இவ்வளவு கம்மி பிரஷர்ல ஒவ்வொரு சின்ன தப்பும் பெருசா தெரியும்ங்கறது அப்ப எனக்கு உறைக்கலை.

இங்க ஒண்ணை இப்பவே சொல்லிடறேன், பின்னால இதுதான் என்னை போட்டு வதைச்சுது. நாங்க மட்டம் பாத்துட்டு போனது வேலியோரமா வண்டித்தடத்து வழியா, ஏன்னா அங்க நடக்க சுலபம். ஆனா பைப் போட்டது நேர் கோட்டுல, 14 மீட்டர் மிச்சமாகும்னு. நேர் கோட்டுல 38வது மீட்டர்ல ஒரு பாறை மேடு இருக்கு, அதோட தலை 6.5 அடி. டேங்க் தண்ணி 11.5, பாறை 6.5, டேங்க் தான ஒசரம், அதனால தண்ணி ஏறி எறங்கிரும்னு நினைச்சேன். தண்ணி ஏறும். காத்து?

பைப் 32 எம்எம், அதாவது நாம ஒரு இன்ச்னு சொல்ற சாம்பல் கலர் விவசாய பிவிசி, 10 கிலோ பிரஷர் தாங்கறது. இந்த பிரஷருக்கு 6 கிலோ பைப்பே ஜாஸ்தி, ஆனா அதோட செவுரு மெலிசு, கல்லு அழுத்துனாலே உள்வாங்கிரும், கனத்துக்காகத்தான் 10 கிலோ எடுத்தேன். 6 மீட்டர் நீளம் ஒண்ணு 290 ரூபாய், 11 நீளம். முக்கால் இன்ச் போட்டா மூவாயிரம் ரெண்டாயிரமா கொறைஞ்சிருக்கும், ஆனா எறக்கம் கம்மியா இருக்கும்போது பைப்பை சிறுசாக்கவே கூடாது, தண்ணி பாதிக்கு பாதி கொறைஞ்சு போயிரும். இதுல மட்டும் நான் எடுத்த முடிவு சரி.

டேங்க்ல வேலை. வீட்டுக்கு போற லைன்லயே ஒரு டீ போட்டு எடுத்திருக்கலாம், வேலை மிச்சம். நான் அப்படி செய்யலை, தனியா ஒரு ஓட்டை போட்டேன், அதுவும் அடியில இல்லாம ஒரு அடி மேல. காரணம் ரெண்டு. ஒண்ணு, கொட்டகை லைன் எங்காவது ஒடைஞ்சு ராத்திரி முழுக்க தண்ணி போனாலும் அடியில ஒரு அடி தண்ணி, சுமாரா 250 லிட்டர், வீட்டுக்கு மிஞ்சும். ரெண்டாவது, மாடு வாய் வெச்ச தண்ணி எந்த காரணத்துலயும் நாம குடிக்கிற லைனுக்குள்ள திரும்பி வரக்கூடாது. அதே காரணத்துக்காக தொட்டியிலயும் தண்ணி விழற வாய் தொட்டி விளிம்புக்கு 2 இன்ச் மேலயே இருக்கற மாதிரி வெச்சேன், தண்ணிக்குள்ள முங்கவே கூடாது. டேங்க் கனெக்டரோட திரெட்டை வெச்சு வட்டம் வரைஞ்சு ட்ரில்ல சுத்தி சின்ன சின்ன ஓட்டையா போட்டு வெட்டி எடுத்து அரத்தால தேச்சேன். ரப்பர் வாஷர் உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு, கையால முறுக்கி அப்புறம் ரிஞ்ச்ல கால் சுத்துதான். அதுக்கு மேல முறுக்குனா வாஷர் பிதுங்கி ஒழுகும்.

பள்ளம் தோண்ட ரெண்டு பேர் ஒரு நாள், ஆளுக்கு 900. ஒண்ணரை அடி ஆழம், ஒரு அடி அகலம். டிராக்டர் குறுக்க போற எடத்துல மட்டும் ரெண்டரை அடி, அங்க பழைய இரும்பு கடையில 350 ரூபாய்க்கு எடுத்த 3 இன்ச் ஜிஐ பைப்பை மண்ணுக்குள்ள போட்டு அதுக்குள்ள நம்ம பைப்பை சொருகிட்டேன், மேல எவ்வளவு பாரம் போனாலும் ஜிஐ தாங்கிக்கும். பாறை மேட்டுல கடப்பாரை போட்டா தீப்பொறிதான் வந்துச்சு, மூணு இன்ச்சுக்கு மேல எறங்கலை. வந்தவங்க பிரேக்கர் வெச்சாதான் ஆகும், வாடகை 1200ன்னாங்க. வேண்டாம்னு அந்த நாலு மீட்டர்ல மட்டும் பாறை மேலயே பைப்பை படுக்க வெச்சேன். பள்ளத்தோட அடியில மண்ணை சலிச்சு 3 இன்ச் போட்டு அது மேல பைப், பைப்புக்கு மேல மறுபடி சலிச்ச மண்ணு 3 இன்ச், அப்புறம்தான் தோண்டுன மண்ணு. சுக்காங்கல்லு கூரா இருக்கும், நேரா பைப்ல பட்டா ஒரு மழைக்காலத்துல மண்ணு எறங்கி குத்திரும்.

ஒட்டறதுலதான் முதல் அடி வாங்குனேன். நீட்டமா போற எடத்துல பிரச்சனை இல்லை, பைப்போட ஒரு முனையிலயே சாக்கெட் வந்துரும், சொருகி ஒட்ட வேண்டியதுதான். திரும்பற எடத்துக்கு எல்போ, டீ, எம்டிஏ (வெளி திரெட் இருக்கற அடாப்டர்) எல்லாம் டவுன்ல ஒரு கடையில வாங்கினேன், வெள்ளை கலர் யுபிவிசி, ஒரு இன்ச்தான், 680 ரூபாய். வீட்டுக்கு வந்து சொருகி பாத்தா லொட லொடன்னு ஆடுது. சொல்யூஷன் நல்லா தடவுனா புடிச்சுக்கும்னு நானே சமாதானம் சொல்லிகிட்டு ரெண்டு கோட் தடவி ஒட்டிட்டேன். அதோட நிக்காம ரெண்டு எல்போ மேல மண்ணையும் தள்ளி மூடிட்டேன்.

மறுநாள் தண்ணி விட்டதும் நாலு ஜாயின்ட்ல கசிவு. மூடி வெச்ச எடத்துல மண்ணு ஈரமாகி மேல வந்து தெரிஞ்சுது. அப்புறம் மாமா வந்து ஒரு டேப்பை வெச்சு அளந்து காட்டுனாரு. விவசாய பைப்புக்கு 32 எம்எம்ங்கறது வெளி விட்டம், அது நம்ம நாட்டு தரமான ஐஎஸ் 4985 அளவு. வீட்டு பிளம்பிங்குக்கு வர்ற வெள்ளை யுபிவிசி அமெரிக்க அளவு, அதுல ஒரு இன்ச் பைப்போட வெளி விட்டம் 33.4 எம்எம். ரெண்டுத்துக்கும் கடையில பேரு ஒரு இன்ச்தான், நடுவுல 1.4 எம்எம் எடைவெளி. சொல்யூஷன் பசை மாதிரி எடைவெளிய அடைக்கறது இல்லை, ரெண்டு பிளாஸ்டிக்கையும் இளக்கி ஒண்ணா சேக்கறது, ரெண்டும் தொட்டாதான சேரும். சொல்யூஷன் தடவாம வெறுசா சொருகுனா பாதி தூரத்துலயே இறுக்கி நிக்கணும், அதுதான் சரியான ஃபிட்டிங்குக்கு அடையாளம். ஆடுச்சுன்னா அங்கயே நிறுத்திரணும்.

எல்லாத்தையும் ஹேக்சா போட்டு அறுத்து எடுத்தேன். பைப் கடையில சாம்பல் கலர் 32 எம்எம் ஃபிட்டிங்ஸ் 410 ரூபாய்க்கு வாங்கி, முனைய உப்புத்தாள்ல தேச்சு, துணியில தொடைச்சு, உள்ள வெளிய ரெண்டு பக்கமும் தடவி, கால் சுத்து திருப்பி சொருகி, அரை நிமிஷம் விடாம புடிச்சுகிட்டேன். 24 மணி நேரம் தண்ணி விடலை. இந்த தடவை நீட்ட பைப்புக்கு மட்டும் மண்ணை தள்ளிட்டு ஜாயின்ட் எல்லாத்தையும் தெறந்தே வெச்சிருந்தேன். ஒரு சொட்டு கசிவு இல்லை. ஆனா தொட்டியிலயும் தண்ணி வரலை.

வரலைன்னா சுத்தமா வரலை. ஃப்ளோட் வால்வ் (தொட்டி நெறைஞ்சா மிதவை பந்து ஏறி தானா மூடற வால்வ்) வாய்ல கைய வெச்சா ஈரம் கூட இல்லை. சாயங்காலம், டேங்க் பாதிதான் இருந்துச்சு. மோட்டார் போட்டு டேங்கை நெறைச்சதும் நூலு மாதிரி ஒரு தாரை வந்துச்சு, அவ்வளவுதான். அன்னைக்கு ராத்திரி பூரா எந்த எடத்துல அடைச்சிருக்கும், மண்ணு உள்ள போயிருச்சா, ஜிஐக்குள்ள பைப் நசுங்கிருச்சான்னு யோசிச்சுகிட்டே கிடந்தேன்.

காலையில ஃப்ளோட் வால்வை கழட்டுனேன். கழட்டுனதும் பைப்ல இருந்து கொட கொடன்னு காத்து வந்துச்சு, நிக்குது, கொஞ்சம் தண்ணி, மறுபடி காத்து, மூணு நாலு நிமிஷம் இப்படியே போயி அப்புறம் ஒரு இன்ச் முழுசா தண்ணி. பக்கெட் வெச்சு போன்ல டைம் பாத்தேன், 15 லிட்டர் 32 செகண்ட். ஓஸ்ல நாலரை நிமிஷம் ஆன பக்கெட். அம்மா பக்கத்துல வந்து நின்னுகிட்டு, "இதுவே போதும் கண்ணு, விட்டுரு"ன்னாங்க.

வால்வை பாத்தேன். 180 ரூபாய் அரை இன்ச் பிளாஸ்டிக், உள்ள தண்ணி வர்ற ஓட்டையில 4 எம்எம் ட்ரில் பிட்தான் நுழையுது. நேரா மோட்டார்ல இருந்து வர்ற பிரஷருக்கு செஞ்ச வால்வ் அது, அந்த ஓட்டை வழியா 6 அடி எறக்கத்துல வந்தா 400 லிட்டர் தொட்டி நெறைய ரெண்டு மணி நேரமாகும். கடையில போயி ட்ரில் பிட்டை கையிலயே கொண்டு போயி ஒவ்வொரு வால்வா சொருகி பாத்து, 9 எம்எம் நுழையற முக்கால் இன்ச் பித்தளை வால்வ் 650 ரூபாய்க்கு எடுத்தேன். அதை மாட்டுனதும் காலி தொட்டி அரை மணி நேரத்துல நெறைஞ்சுது. பிரச்சனை தீந்துதுன்னு பள்ளத்தை எல்லாம் மூடிட்டேன்.

மூணு நாள் கழிச்சு பகல்ல கரண்ட் இல்லை, டேங்க் தண்ணி கொட்டகை ஓட்டைக்கு கீழ போயிருச்சு. அம்மா மாடு கழுவ தொட்டிக்கு பக்கத்துல கீழ வெச்ச குழாயை தெறந்து வெச்சிருந்தாங்க, லைன்ல இருந்த தண்ணி பூரா அது வழியா எறங்கிருச்சு. கரண்ட் வந்து டேங்க் பாதி நெறைஞ்சும் தண்ணி வரலை. அப்பதான் வால்வ் பாதி காரணம்தான், இன்னொண்ணு பாறை மேல உக்காந்திருக்குன்னு புரிஞ்சுது. லைன் காலியாயிட்டு மறுபடி தண்ணி வரும்போது அது பாறையேறி அந்தப் பக்கம் வழிஞ்சு கீழ போய் தேங்குது, நடுவுல மாட்டுன காத்துக்கு வெளிய போக வழி இல்லை. பாறை மேல இருந்து கொட்டகை பக்கம் பைப் எறங்கற ஒசரம் 4.7 அடி, அந்த எறக்கம் பூரா காத்தா இருந்தா அவ்வளவு அடியையும் அது முழுங்கிரும். எனக்கு இருக்கறதே 6 அடி. டேங்க் நெறைஞ்சா நூலு மாதிரி வந்ததும், பாதியானா நின்னதும் ஒவ்வொரு அடியா கணக்குக்கு வந்துச்சு.

பாறையை ஒடைக்கலாம், இல்லை பைப்பை வேலியோரமா மாத்தலாம், ரெண்டும் பெரிய வேலை. நான் செஞ்சது காத்துக்கு வழி விட்டது. பாறையோட உச்சியில பைப்பை அறுத்து 32க்கு 20 எம்எம் டீ வெச்சு, அதுல இருந்து அரை இன்ச் பைப்பை நேரா மேல தூக்கி பக்கத்துல இருந்த வேலி கல்லுக்காலோட சேத்து கட்டினேன். இதோட தலை டேங்க் நெறைஞ்ச மட்டத்தை விட மேல இருக்கணும், இல்லைன்னா தண்ணி அது வழியா கொட்டும். 11.5ல இருந்து 6.5 போக 5 அடி, ஒரு அடி சேத்து தரையில இருந்து 6 அடி விட்டேன், இந்த தடவை மட்ட டியூபை டேங்க்ல இருந்து பாறை வரைக்கும் புடிச்சு உறுதி பண்ணிகிட்டேன். தலையில ரெண்டு எல்போ போட்டு வாயை கீழ பாக்க திருப்பி கொசுவலைத் துண்டு கட்டினேன், சும்மா விட்டா குளவி மண்ணு வெச்சு அடைச்சிரும். செலவு 170 ரூபாய்.

வேணும்னே டேங்கை அடைச்சு, கீழ் குழாயை தெறந்து லைனை முழுசா காலி பண்ணி, மறுபடி விட்டேன். தம்பி கல்லுக்கால் கிட்ட நின்னான், உஸ்ஸுன்னு காத்து போற சத்தம் கேக்குதுன்னு கத்துனான், ஒண்ணரை நிமிஷத்துல சத்தம் நின்னுது, தொட்டியில தண்ணி விழுந்துச்சு. மூணு தடவை இதே மாதிரி செஞ்சு பாத்தேன், மூணு தடவையும் வந்துச்சு. இப்பவும் டேங்க் ரொம்ப கொறைஞ்சிருக்கும்போது கழுவற குழாயை முழுசா தெறந்தா அந்த அரை இன்ச் வழியா காத்தை உள்ள இழுத்து தண்ணி விட்டு விட்டு வரும், பாதி தெறந்தா சரியாயிரும். அதை அம்மாவுக்கு சொல்லி வெச்சிருக்கேன்.

மாடும் ஒரு வேலை வெச்சுது. கிராஸ் மாடு ஒண்ணு ரெண்டாவது நாளே மிதவை பந்தை நாக்கால நக்கி நக்கி கம்பிய வளைச்சிருச்சு. தொட்டியோட ஒரு மூலையில கடப்பா கல் துண்டை குறுக்க நிறுத்தி சிமெண்ட் பூசி, அடியில ரெண்டு இன்ச் தண்ணி போக வழி விட்டு, மேல ஒரு துண்டு மூடியா போட்டேன். கல்லு வீட்ல கெடந்ததுதான்.

செலவு: பைப் 3190, தப்பா வாங்குன ஃபிட்டிங்ஸ் 680, சரியானது 410, டேங்க் கனெக்டர் 120, பால் வால்வ் (கையால தெறந்து மூடற வால்வ்) ரெண்டு 480, ஃப்ளோட் வால்வ் முதல்ல 180 அப்புறம் 650, சொல்யூஷன் 165, டெஃப்லான் டேப் 75, காத்து பைப் 170, ஜிஐ 350, கூலி 1800. மொத்தம் 8270. இதுல 860 வீணாப் போனது. மாமா கைவேலைக்கு காசு வாங்கலை, அவருக்கு ஒரு வாரம் பால் குடுத்து விட்டோம்.

மறுபடி போடறதா இருந்தா நேர் கோட்டுல போகவே மாட்டேன். வேலியோரமா 76 மீட்டர், மூணு நீளம் ஜாஸ்தி, 870 ரூபாய், அங்க பாறை மேடே இல்லை, காத்து பைப்பும் தேவைப்பட்டிருக்காது. மட்டத்தை ரெண்டு முனைக்கு மட்டும் பாக்காம பைப் போற தடத்துலயே 5 மீட்டருக்கு ஒரு தடவை பாத்து ஒரு நோட்ல எழுதி வெச்சிருப்பேன். பிவிசிக்கு பதிலா கருப்பு எச்டிபிஇ (சுருட்டி வர்ற பிளாஸ்டிக் பைப்) ரோல் எடுத்து நடுவுல ஜாயின்ட்டே இல்லாம இழுத்திருப்பேன். லைன்ல ரொம்ப பள்ளமான எடத்துல ஒரு டீ போட்டு எண்ட் கேப் (மூடி) வெச்சிருப்பேன், எங்க போர் தண்ணி உப்பு, அதோட வர்ற பொடி மண்ணெல்லாம் அங்கதான் படியும், அதை வருஷம் ஒரு தடவை தெறந்து விட இப்ப வழி இல்லை.

பாக்கி இருக்கற வேலை ரெண்டு. காத்து பைப்புக்கு பெயிண்ட் அடிக்கணும், வெயில் நேரா பட்டா நாளாக நாளாக நொறுங்க ஆரம்பிச்சிரும். பாறை மேல மூணு இன்ச் மண்ணுதான் இருக்கு, ஐப்பசி மழையில அது கரைஞ்சு போறதுக்குள்ள அந்த நாலு மீட்டருக்கும் பழைய நாட்டு ஓடுகளை கவுத்து வெச்சு ரெண்டு பக்கமும் சிமெண்ட் பூசணும். ஓடு எடுத்து அடுக்கி வெச்சாச்சு, ஞாயித்துக்கிழமை மாமா வரேன்னு சொல்லியிருக்காரு.